டொயோட்டா 2000ஜிடி ஜெராக்ஸ் இல்லை சாமி

முந்தாநாள் இங்கிலாந்தின் ஜாகுவார் இ-டைப், ஜப்பானின் டொயோட்டா 2000ஜிடி என்ற இரண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் படங்களை அக்கம்பக்கமாக வைத்து, முதலாவது "ஒரிஜினல்", இரண்டாவது "ஜெராக்ஸ்" என்று எழுதிய மகானுக்கு எத்தனை சிரிப்பு விழுந்தது, பார்த்திருப்பீர்கள். கீழே பொறுமையாகப் பதில் போட்ட எனக்கு "டொயோட்டா ஏஜென்ட்" பட்டம். ரொம்ப சந்தோஷம்.

ஜாகுவார் இ-டைப் எனக்குப் பிடிக்காது என்று எவன் சொன்னான்? 1961-இல் ஜெனீவா கார் கண்காட்சியில் காட்டினார்கள். வடிவம் கொடுத்த மால்கம் சேயர் விமானக் கம்பெனியிலிருந்து வந்தவர். லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1955, 56, 57 என மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்த ஜாகுவார் டி-டைப் பந்தயக் காரின் வாரிசு. 3.8 லிட்டர் எஞ்சின், கம்பெனி கணக்கில் 265 குதிரைசக்தி. கும்பிடு போடுகிறேன், போதுமா?

ஆனால் 2000ஜிடி ஜெராக்ஸ் இல்லை.

பானெட் நீளமாம். ஆறு சிலிண்டரை ஒரே வரிசையில் நெடுக்க நிறுத்தினால் மூக்கு நீளாமல் என்ன செய்யும்? உள்ளே எட்டிப் பாருங்கள். இ-டைப்புக்கு மோனோகாக் உடம்பு, அதாவது கூடே பாரத்தைத் தாங்கும்; முன்னால் எஞ்சினைத் தாங்கக் குழாய்ச் சட்டம். 2000ஜிடிக்கு நடுவில் முதுகெலும்பு மாதிரி ஓடும் சேசிஸ், அதாவது அடிச்சட்டம். எஞ்சின், டொயோட்டாவின் கிரவுன் என்ற இன்னொரு காரில் இருந்த 2 லிட்டர்தான். யமஹா அதற்கு, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் இரண்டு உள்ள ஹெட் போட்டு 150 குதிரைசக்தி எடுத்தது. ஆரம்ப கால இ-டைப்பில் 4 கியர், முதல் கியருக்கு, கியர் உரசாமல் விழ வைக்கும் சின்க்ரோமெஷ்ஷே கிடையாது. இதில் 5 கியர். 1966 அக்டோபரில் ஜப்பானின் யாதாபே சோதனைத் தடத்தில் 72 மணி நேரம் ஓட்டினார்கள், சராசரி வேகம் மணிக்கு 206 கிலோமீட்டர். எந்தக் கடை ஜெராக்ஸ் இப்படி ஓடும்?

"1965-இல்தானே டோக்கியோவில் காட்டினான், நாலு வருஷம் லேட்" என்பார்கள். லேட்டாக வந்ததெல்லாம் காப்பி என்றால் உலகத்தில் ஒரு காரும் மிஞ்சாது. "சேசிஸ் இங்கிலாந்தின் லோட்டஸ் எலான் கார் மாதிரி இருக்கே?" இருக்கிறதுதான். அப்படியென்றால் ஜாகுவாரைக் காப்பியடித்தானா, லோட்டஸையா? முதலில் நீங்கள் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். "யமஹா செய்த கார், டொயோட்டா பெயர் மட்டும்" என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. யமஹா என்ன இங்கிலாந்திலா இருக்கிறது, அதுவும் ஜப்பான்தானே?

விற்கவில்லை என்பது மட்டும் நியாயமான பேச்சு. இ-டைப் எழுபதாயிரத்துக்கு மேல் போனது, இது சுமார் 350. அமெரிக்காவில் இ-டைப்பை விட விலை கூடுதல். ஜப்பான் காருக்கு அந்த விலையா என்று கேட்டார்கள். அதே கார் 2013 ஏலத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது, அது வேறு விஷயம்.

ஜப்பான் காருக்கு அந்த விலையா என்ற கேள்விதான் எனக்கு ஆறவில்லை. ஐரோப்பாக்காரன் முன்னால் வந்த ஒன்றைப் பார்த்துச் செய்தால் பாரம்பரியம். இந்தப் பக்கத்து ஆள் செய்தால் ஜெராக்ஸ். 2000ஜிடியை வரைந்தவர் நொசாகி சதோரு. சிரித்தவர்களில் ஒருத்தராவது அந்தப் பெயரைத் தேடியிருப்பாரா?

எங்களுக்குக் கோவையில் பம்ப் பட்டறை. நான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் ஒன்று வரைந்து, வார்த்து, ஓட்டிக் காட்டினேன். வாங்க வந்தவர் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இது எந்த ஜெர்மன் பம்பைப் பாத்துப் போட்டதுங்?" என்றார். நானே போட்டது என்றேன். சிரித்தார். அப்பாவும் கூடவே சிரித்தார், வியாபாரம் ஆயிற்றே. காப்பிக்கு இந்த விலை அதிகம் என்று பில்லில் இரண்டாயிரம் குறைத்துக் கொடுத்துவிட்டுப் போனார் அந்த மனிதர். அப்பா வாங்கிக் கல்லாவில் போட்டார்.