ஹேக்கர்னா திருடன்னு மொத்தமா முத்திரை குத்தாதீங்க

கேம் ஆடுற மெஷினை, அதாவது கன்சோலை, ஹேக் பண்றவன் எல்லாம் ஓசில கேம் ஆடத்தான் பண்றான்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க, அது ரொம்ப தப்புங்க. என் பழைய நின்டெண்டோ வீ கன்சோல்ல, வெளியாட்கள் எழுதின புரோகிராம்களை ஓட்ட உதவுற ஹோம்ப்ரூ சேனலை போட்டப்போ முதல்ல வந்ததே ஒரு எச்சரிக்கைதான், இதை காசு கொடுத்து வாங்கியிருந்தா உன்னை ஏமாத்திட்டாங்க, உடனே பணத்தை திருப்பி கேளுன்னு, அதை படிச்சு பட்டனை அமுக்கினாதான் மேல போக முடியும். அதை எழுதினவங்க பைரசிக்கு, அதாவது கேமை திருட்டு காப்பி எடுத்து ஆடுறதுக்கு, உதவ மாட்டோம்னு வெளிப்படையா சொன்னவங்க.

சோனியோட பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) கதையை பாருங்க, லினக்ஸ்ங்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை போட்டுக்கலாம்னு சொல்லி வித்த மெஷின், 2010 ஏப்ரல்ல ஒரு அப்டேட்ல சோனியே அந்த வசதியை தூக்கிட்டாங்க, அதே டிசம்பர்ல பெர்லின்ல நடந்த ஹேக்கர் மாநாட்டுல ஃபெயில்ஓவர்ஃப்ளோங்கிற ஹேக்கர் டீம் மேடை ஏறி, இது சோனி அனுமதிச்ச புரோகிராம்தான்னு காட்டுற டிஜிட்டல் கையெழுத்துக்கு ஒவ்வொரு தடவையும் மாற வேண்டிய ரேண்டம் நம்பர் மாறாம ஒண்ணாவே இருக்கு, அதை வச்சே ரகசிய சாவியை கணக்கு போட்டு எடுத்துடலாம்னு காட்டினாங்க. அவங்க கேட்டது லினக்ஸை. அந்த வழியா பைரசியும் உள்ள வந்துச்சு, அதை நான் மறுக்கல, ஆனா கதவை திறந்தவனும் உள்ள புகுந்து திருடினவனும் ஒரே ஆள் இல்ல.

நின்டெண்டோவோட ஸ்விட்ச் கன்சோல்லயும் இதேதான். டீம் எக்ஸெகியூட்டர்ங்கிற குழு, திருட்டு கேமை ஓட்ட விடுற எஸ்எக்ஸ் ஓஎஸ்-ங்கிற சாஃப்ட்வேரை காசுக்கு வித்தாங்க, அதுல ஒருத்தருக்கு 2022ல 40 மாசம் ஜெயில். அதே ஸ்விட்சுக்கு அட்மாஸ்ஃபியர்ங்கிற சாஃப்ட்வேரை எழுதினவங்க புரோகிராம் கோடை எல்லாரும் பாக்குற மாதிரி அப்படியே திறந்து வச்சு இலவசமா கொடுத்தாங்க. ரெண்டு பேரையும் ஒரே தராசுல வைக்காதீங்க.