மேசை விளக்குக்கு 13 ஆம்பியரா?

இங்கே பிரிட்டனில், கடையில் பிளக்குக்குள் செருகும் ஃபியூஸ் கேட்டால், எந்தக் கருவிக்கு என்றுகூட விசாரிக்காமல் 13 ஆம்பியரையே எடுத்து நீட்டுகிறார்கள். நேற்று 40 வாட் மேசை விளக்கின் பிளக்கைத் திறந்தேன். நூல் போன்ற மெல்லிய வயருக்குக் காவலாக, யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பழுப்பு நிற 13 ஆம்பியர் ஃபியூஸைச் செருகி வைத்திருக்கிறார். ஃபியூஸ் காப்பது கருவியை அன்று, வயரைத்தான் என்பதை எத்தனை முறை சொல்வது? வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால், 3000 வாட் கெட்டிலுக்கு 13 ஆம்பியர் வேண்டும் என்பதும், 700 வாட்டுக்குட்பட்ட பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பு நிற 3 ஆம்பியரே போதும் என்பதும் அரை நிமிடத்தில் விளங்கிவிடும். இழுப்பறையைத் துழாவினேன்: 13 ஆம்பியர் ஏழு கிடக்கின்றன, 3 ஆம்பியர் ஒன்றுகூட இல்லை.