திருப்பத்தூர்க்காரர்கள் எங்கேயும் ஓடிப்போகவில்லை

அந்தப் படம் மூன்று நாளாகச் சுற்றுகிறது. எந்தப் படம் என்று சொல்ல வேண்டியதில்லை, உங்களில் பாதிப் பேர் எனக்கே அனுப்பிவிட்டீர்கள். வேலூர் மாவட்டம் அன்று 39 லட்சம், இன்று 16 லட்சம், நடுவில் கீழ்நோக்கி ஒரு சிவப்பு அம்பு, மேலே “காலியாகும் மாவட்டம்” என்று தலைப்பு. பேசாமல்தான் இருந்தேன். நேற்று நன்றாகப் படித்த ஒரு நண்பரே “உங்க பக்கம் எல்லாரும் பெங்களூருக்குக் கிளம்பிட்டீங்களா?” என்று கேட்டதும் பொறுக்க முடியவில்லை.

அந்த 39,36,331 என்பது 2011 கணக்கெடுப்பு. 16,14,242? அதுவும் அதே 2011 கணக்கெடுப்புதான்! 2019 நவம்பர் 28 அன்று மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ராணிப்பேட்டைப் பக்கம் 12,10,277 பேர், எங்கள் திருப்பத்தூர்ப் பக்கம் 11,11,812 பேர். மூன்றையும் கூட்டிப் பாருங்கள், ஒரு ஆள் குறையாது. யாரும் மூட்டை கட்டவில்லை. எல்லைக் கோட்டை மாற்றிப் போட்டார்கள், அவ்வளவுதான்.

இது முதல் தடவையும் இல்லை. 1981இல் வட ஆற்காட்டில், அதாவது வேலூர் அப்போது இருந்த மாவட்டத்தில், 44 லட்சம் பேர். 1991இல் பார்த்தால் 30 லட்சம். பத்து வருஷத்தில் 14 லட்சம் பேர் எங்கே போனார்கள்? 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது, அங்கே 20 லட்சம் பேர் இருந்தார்கள். ஆக மொத்தம் கூடித்தான் இருக்கிறது. இன்னும் பின்னால் போனால், 1901இல் வட ஆற்காட்டின் 22 லட்சத்தில் திருப்பதியும் காளஹஸ்தியும் சேர்த்தி. நாங்கள் சேர்த்தி இல்லை. 1911இல் சித்தூர் ஜில்லா உருவானபோது அந்தப் பக்கமெல்லாம் வெளியே போனது, சேலத்தோடு இருந்த திருப்பத்தூர் தாலுக்கா உள்ளே வந்தது.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கொள்ளுத்தாத்தா காலத்துப் பத்திரம் ஒன்று இருக்கிறது. அதில் “சேலம் ஜில்லா திருப்பத்தூர் தாலுக்கா” என்றுதான் எழுதியிருக்கும். அப்பாவின் சான்றிதழில் வட ஆற்காடு, என் மகளுடையதில் திருப்பத்தூர் மாவட்டம். நிலம் அதே நிலம், கிணறும் அதே கிணறு.

“மாவட்டத்தைப் பிரிப்பதே அரசியல்வாதிகளின் வசதிக்குத்தானே, அதை ஏன் தூக்கிப் பிடிக்கிறாய்?” என்று வரப்போகிறீர்கள், தெரியும். அரசியல் இருக்கலாம், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்பவர்கள் யாராவது ஒரு கையெழுத்துக்காக விடியற்காலை ஐந்து மணி பஸ் ஏறி, வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா என்று ஒவ்வொரு ஊராக நின்று நின்று, எண்பது கிலோமீட்டருக்கு மேல் வேலூர் போயிருக்கிறீர்களா? என் அப்பா போயிருக்கிறார், ஒரே பட்டா விஷயமாக ஏழு தடவை. ஒரு தடவை நானும் கூடப் போனேன். மதியம் வரை ஒரு அலுவலகத்து வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு “சார் மீட்டிங் போயிட்டார், அடுத்த வாரம் வாங்க” என்றார்கள். அப்பா அவர்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அப்படி அலைந்தவர்களுக்கு ஒரு வழியாகப் பக்கத்திலேயே மாவட்டத் தலைநகர் வந்ததை, ஒரு சிவப்பு அம்பு போட்டு அழிவு என்று காட்டுகிறீர்கள்.

“சரி, பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களே இல்லையா?” இருக்கிறார்கள். ஜோலார்பேட்டை ரயில் நிலையத்தில் காலையில் நின்று பார்த்தால் தெரியும். அது பேச வேண்டிய விஷயம்தான், உண்மையான கணக்கோடு பேசுங்கள். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பே தள்ளிப்போய்விட்டது. புதிய எண்ணே கையில் இல்லாதபோது எந்த மாவட்டம் காலியானது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

எனக்கு வலிப்பது அதுகூட இல்லை. அந்தப் படத்தில் நாங்கள் 11 லட்சம் பேரும் இல்லவே இல்லை. காணாமல் போனவர்களாகக்கூட எங்கள் பெயரைச் சொல்லவில்லை. ஓடிவிட்டோம் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள்.

பகிர்ந்தவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எடுக்க மனம் வராவிட்டால், அந்த 16 லட்சத்துக்குப் பக்கத்தில் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இரண்டு எண்ணையும் எழுதி மறுபடி போடுங்கள்.