நான்கு பக்கச் சோகம்

(அக்கா துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். வேலை விண்ணப்பங்களைப் படித்துப் பிரிக்கும் வேலையைச் சில வருடம் பார்த்தவள். அதனால் வீட்டில் யார் விண்ணப்பம் போட்டாலும் தப்பிக்க முடிவதில்லை. தம்பி மடிக்கணினியோடு வருகிறான்.)

தம்பி: அக்கா, விண்ணப்பத்தோடு அனுப்புகிற கவர் லெட்டரை எழுதிவிட்டேன். படித்துவிட்டு அழக் கூடாது.

அக்கா: எத்தனை பக்கம்?

தம்பி: நான்குதான்.

அக்கா: இப்போதே அழுகை வருகிறது. ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாதடா. சரி, முதல் வரியைப் படி.

தம்பி: "மதிப்பிற்குரிய ஐயா, அந்த வியாழக்கிழமை மாலை வானம் இருட்டிக்கொண்டு வந்தது."

அக்கா: என்ன வேலைக்குப் போடுகிறாய்?

தம்பி: கணக்குப் பிரிவில் உதவியாளர்.

அக்கா: அதற்கு வானம் ஏன் இருட்ட வேண்டும்?

தம்பி: அன்றைக்குத்தானே அப்பா மாடிப்படியில் விழுந்தார்! அவரைப் பார்த்துக்கொள்ளத்தானே வேலையை விட்டேன்? 14 மாத இடைவெளியை விளக்க வேண்டாமா?

அக்கா: விளக்கு. நீ ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டிருக்கிறாய்.

தம்பி: எண்ணிக்கையில் கவனமானவன் என்று தெரியட்டுமே.

அக்கா: மருத்துவமனையில் பாதி ராத்திரி நான்தான் உட்கார்ந்திருந்தேன். கடிதத்தில் நான் எங்கே?

தம்பி: கதாநாயகன் ஒருவன்தான் இருக்க முடியும் அக்கா.

அக்கா: இது என்ன, எலும்பின் பெயர் லத்தீனில்?

தம்பி: நம்ப வேண்டுமே. எக்ஸ்ரேவையும் இணைத்திருக்கிறேன்.

அக்கா: அப்பாவைக் கேட்டாயா? அவருடைய எலும்பை முகம் தெரியாதவனுக்கு அனுப்புகிறாய்! என்ன நோய், எந்த எலும்பு என்பதெல்லாம் அவர்களுக்கு எதற்கு? குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொண்டேன் என்றால் போதும்.

தம்பி: நான்காவது பக்கம் சூடாக இருக்கும். பழைய மேலாளர் லீவு தராமல் இழுத்தடித்ததை உள்ளது உள்ளபடி எழுதியிருக்கிறேன்.

அக்கா: படிக்கிற புது மேலாளருக்கு என்ன தோன்றும் தெரியுமா? "நாளைக்கு என்னைப் பற்றி எவனுக்கு எழுதப் போகிறான்?"

தம்பி: அப்படியானால் மூச்சே விடாமல், அந்த 14 மாதமும் பழைய இடத்திலேயே இருந்ததாகப் போட்டுவிடுகிறேன்.

அக்கா: சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டையும் பழைய அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்கிற இடங்கள் நிறைய. வேலையில் சேர்ந்த பிறகு தெரிந்தாலும் வெளியே அனுப்பலாம். அப்பா விழுந்ததற்காவது விளக்கம் இருக்கிறது. நீ அப்படி விழுந்தால் அதுவும் கிடையாது. இடைவெளி ஒன்றும் ஊரில் இல்லாத அதிசயம் இல்லை. வேலை தேடுகிறவர்கள் தங்கள் விவரத்தைப் போடும் லிங்க்ட்இன் தளத்திலேயே 2022-இல் அதற்கென்று தனிப் பகுதி வைத்துவிட்டார்கள். குடும்பத்தைக் கவனித்தல், உடல்நலம், பயணம் என்று காரணத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போகலாம்.

தம்பி: "அநியாயம்" என்று ஒன்று இருக்கிறதா?

அக்கா: இல்லை. கல்லூரியில் இரண்டு பாடம் போய், திரும்ப எழுதித் தேறினாயே, அதை ஏன் இதில் சேர்த்தாய்? மதிப்பெண் கேட்டார்களா?

தம்பி: கேட்கவில்லை. நேர்மைக்காக.

அக்கா: லியோனார்டோ டா வின்சியை விடவா நீ பெரிய ஆள்? 1482 வாக்கில் மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டுக் கடிதம் எழுதினார். ஃபுளோரன்ஸில் ஒரு மடத்துக்கு ஒப்புக்கொண்ட பெரிய ஓவியத்தை அப்படியே பாதியில் விட்டுவிட்டு மிலானுக்குப் போனவர். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

தம்பி: பின்னே என்ன எழுதினார்?

அக்கா: பாலம் கட்டுவேன், கோட்டையைத் தகர்ப்பேன், பீரங்கி செய்வேன் என்று பத்து விஷயம். ஓவியம் வரையத் தெரியும் என்பதே கடைசியில்தான் வருகிறது. படிக்கிற ஆளுக்கு எது தேவையோ அது முன்னால்.

தம்பி: வேலை கிடைத்ததா?

அக்கா: பிற்பாடு அந்த அரண்மனைக்குத்தான் வருடக்கணக்கில் வேலை பார்த்தார். கேட்காத அரியரை அவர் எடுத்துக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கேட்டால் மறைக்காதே. விண்ணப்பப் படிவத்திலேயே விளக்கத்துக்கு இடம் விட்டிருந்தால் அங்கே எழுது. கடிதத்தில் அந்த இடைவெளிக்கு இரண்டு வரி. சொல், பார்க்கலாம்.

தம்பி: (நெடுநேரம் யோசித்து) "குடும்பத்தில் ஒருவரின் சிகிச்சைக்காக 14 மாதம் வேலையிலிருந்து விலகியிருந்தேன். அவர் இப்போது நலமாக இருக்கிறார். முழுநேர வேலைக்கு நான் தயார்."

அக்கா: அடேயப்பா! இது போதும்டா.

தம்பி: போதுமா? இதில் மழையே இல்லையே அக்கா.

அக்கா: இதை முதல் பத்தியில் வைக்காதே. அங்கே எந்த வேலை, நீ ஏன் பொருத்தம் என்று இருக்கட்டும். அடுத்தது உன் அனுபவம். அப்புறம் இந்த இரண்டு வரி. மீதிக் கதையை நேர்காணலில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். ஆமாம், அனுபவம் என்ன எழுதியிருக்கிறாய்?

தம்பி: அதற்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

அக்கா: நான்கு பக்கத்தில்? இந்த இரண்டு வரி போக மிச்சம் என்னதான் இருக்கிறது?

தம்பி: "இப்படிக்கு."

அக்கா: (துணியைக் கீழே வைத்துவிட்டு) சரி, மருத்துவமனை பில்லில் ஒரே ஊசிக்கு இரண்டு தடவை பணம் போட்டிருந்ததைக் கண்டுபிடித்தது யார்?

தம்பி: நான்தான்.

அக்கா: காப்பீட்டுக்காரர்களிடம் ஒவ்வொரு ரசீதாகக் காட்டி, விட்டுப்போன பணத்தை வாங்கியது?

தம்பி: அதுவும் நான்தான். தேதிவாரியாக அட்டவணை போட்டேனே!

அக்கா: கணக்குப் பிரிவு வேலைக்கு இதை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்?

தம்பி: எழுதவில்லை. அதில் சோகமே இல்லையே அக்கா.

(ஒரு மணி நேரம் கழிகிறது. கடிதம் முக்கால் பக்கத்துக்கு வந்திருக்கிறது. ரசீது விவகாரம் இரண்டாவது பத்தியில் கம்பீரமாக நிற்கிறது. தம்பி அனுப்பும் பொத்தானை அழுத்துகிறான்.)

தம்பி: அனுப்பிவிட்டேன்!

அக்கா: எந்தக் கோப்பை இணைத்தாய்?

தம்பி: "கடிதம் இறுதி".

அக்கா: இப்போது எழுதியதற்கு என்ன பெயர் வைத்தாய்?

தம்பி: "கடிதம் உண்மையான இறுதி"...

(நீண்ட அமைதி.)

தம்பி: அக்கா, கோப்பு மாறிப் போனதற்கு எத்தனை வரி விளக்கலாம்?

அக்கா: இரண்டு.

தம்பி: (தட்டச்சு செய்துகொண்டே) "மதிப்பிற்குரிய ஐயா, என் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தபோது..."