36 பிள்ளைகளுக்கு 36 ஜெம்பே வேண்டாம்

ஜெம்பே, கையால் அடிக்கும் மேற்கு ஆப்பிரிக்க மேளம். வகுப்பில் 36 பேர் என்றால் 12 ஜெம்பே போதும். தலைக்கு ஒன்று வாங்கினால், கான்கிரீட் அறைக்குள் அத்தனையும் சேர்ந்து முழங்கும்போது பக்கத்துப் பிள்ளையின் அடிகூடக் காதில் விழாது. காதில் விழாமல் தாளம் எங்கே சேரும்?

மிச்சக் காசில் துனுன் வாங்குங்கள்: கென்கெனி, சங்பன், துனுன்பா. கினி, மாலி நாடுகளின் மலிங்கே மக்களின் இசையில் இது இன்ன தாளம் என்று காட்டிக்கொடுப்பதே குச்சியால் அடிக்கும் இந்த மூன்று மேளங்கள்தான். அவற்றை விட்டு ஜெம்பேயை மட்டும் சொல்லிக்கொடுத்தால், பிள்ளைகளுக்குப் பாதி இசைதான் போய்ச் சேரும்.

முதல் வகுப்பில் மேளமே வேண்டாம், வாய் போதும். நைஜீரியாவில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த பாபாதுண்டே ஒலாதுஞ்சி ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொல் வைத்தார். தோலின் நடுவில் விழும் பேஸ், வலக்கையில் குன், இடக்கையில் துன். விளிம்பில் விழும் டோன் கோ, தோ. சுளீரென்று கேட்கும் ஸ்லாப் ப, த. சொற்கட்டு தெரிந்த நம் இசை ஆசிரியர்களுக்கு இது உடனே பிடிபடும்.

மேளத்துக்கு வந்ததும் தகதிமியில் தொடங்குங்கள். ‘த’வில் குன், ‘தி’யில் கோ, ‘மி’யில் தோ. ‘க’வில் கை சும்மா இருக்க வேண்டும். வகுப்பு ஓட்டம் பிடிப்பது அந்த ‘க’வில்தான், கை பொறுக்காமல் அடுத்த அடிக்குத் தாவிவிடும். மெதுவாக, மெதுவாக என்று கத்திப் பயனில்லை. ‘க’வை உரக்கச் சொல்லச் சொல்லுங்கள், காலப்பிரமாணம் நிற்கும். 12 பேர் வாசிக்க, 12 பேர் சொல்ல, 12 பேர் நின்ற இடத்திலேயே நடக்கட்டும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சொல்லி முடித்து வரும் பிள்ளையின் கை தெளிவாக விழும்.

பேஸ் வரவில்லை என்றால் மேளத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தரையில் நேராக நிறுத்தினால் கீழ்த்துளை அடைபட்டுவிடும். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மேளத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்து, முன்பக்கம் சாய்க்க வேண்டும். அப்படியும் மந்தமாகக் கேட்டால் கை தோலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பட்டதும் எழ வேண்டும்.

ஸ்லாப்புக்கு அவசரம் வேண்டாம். டோன் நிலைப்பதற்குள் கற்றுக்கொடுத்தால், பிள்ளைகள் பலம் போட்டு விளிம்பில் விரலை இடித்துக்கொள்வார்கள்.

ஆட்டுத்தோலின் நாதம் தனி அழகு. ஆனால் மழைக்காலத்தில் தொய்யும், கடும் வெயிலில் இறுகிக் கிழியும். பள்ளிக்கு செயற்கைத் தோலே வாங்கலாம். எந்தத் தோலானாலும் மோதிரம், வளையல், வாட்ச் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும்.