நாய்க்கு ஒரு ஷில்லிங்

எங்க வீட்டு நாய் மணி வாசல்ல காலை நீட்டிப் படுத்திருக்கான். 1848ல, வெள்ளைக்காரன் ஆண்ட இலங்கையில இருந்திருந்தா இவனுக்கு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் வரி கட்டணும்னு மககிட்ட சொன்னேன், நம்ப மாட்டேங்குறா. நெசந்தான். நாய்க்கு 1 ஷில்லிங், துப்பாக்கி லைசன்ஸுக்கு இரண்டரை, கடை வச்சிருந்தா 1 பவுண்ட், அதாவது 20 ஷில்லிங், அது போக ஆம்பளைங்க வருஷத்துல 6 நாள் ரோட்டு வேலைக்கு வரணும், இல்லன்னா 3 ஷில்லிங் கட்டணும்.

ஏன் இப்படி வந்துச்சுன்னா, அப்ப இலங்கை அரசாங்கமே கோப்பியைத்தான் நம்பி ஓடிச்சு. ஏற்றுமதி வரியும் அதுலதான், தோட்டம் போடக் காடு வித்த காசும் அதாலதான். தோட்டத்துக்கு நம்ம ஆளுங்க மன்னார் வழியா நடந்து வந்தாங்களே, அவங்க தின்ன அரிசியும் இந்தியாவுலருந்து வந்தது, அதுக்கும் இறக்குமதி வரி. ஆக எந்தப் பக்கம் திரும்பினாலும் கோப்பிதான். இதுல காடு விக்கிறதுதான் பெரிய கூத்து, ஒரு ஏக்கரை ஒரு தடவைதான் விக்க முடியும், ஆனா அந்தக் காசை மாசச் சம்பளம் மாதிரி நினைச்சு செலவைக் கூட்டிட்டாங்க. காணி வாங்கினவங்கள்ல அரசாங்க அதிகாரிகளே நிறைய பேர், அது தனிக் கதை.

1847ல லண்டன்ல பணமுடை, கோப்பி விலை சரிஞ்சுது, தோட்டங்க மூடுச்சு, கஜானா காலி. அந்த வருஷம்தான் டொரிங்டன் பிரபு ஆளுநரா வந்து இறங்குறாரு, வயசு 35 கூட ஆகல.

எனக்குக் கோவம் வரி போட்டதுல இல்ல, காசில்லாத அரசாங்கம் வரி போடத்தான் செய்யும். ஆனா அதே 1848லதான் கோப்பி ஏற்றுமதிக்கு இருந்த வரியை எடுத்தாங்க! தோட்டத் துரைக்குக் கஷ்டம்னு அவன் சுமையை இறக்கி கண்டிக் கிராமத்தான் தலையில வச்சிட்டாங்க. அவனுக்கு நாயும் துப்பாக்கியும் பவுசுக்கா? ராத்திரி சேனையில, அதான் காட்டை வெட்டி எரிச்சுப் பயிர் வச்ச நிலத்துல, பன்னி இறங்கினா விரட்ட வேற என்ன இருக்கு அவன்கிட்ட? கையில காசே புழங்காதவன் ஷில்லிங்குக்கு எங்க போவான்?

ஜூலையில சனம் கண்டிக் கச்சேரி, அதாவது அரசாங்க அலுவலகம், முன்னால வந்து நின்னு முறையிட்டுது. கேக்கல. மாசக் கடைசியில எங்க மாத்தளையில கலவரமே வெடிச்சுது, இராணுவச் சட்டம் போட்டாங்க, ஆகஸ்ட் 8ஆம் தேதி கலவரத்துக்குத் தலைமை தாங்கின புரன் அப்புவைக் கண்டியில சுட்டுக் கொன்னாங்க, அதே மாசம் ஒரு பிக்குவைக் காவி உடையோடயே சுட்டாங்க. இதுக்கு லண்டன் பார்லிமெண்ட்டுல விசாரணை நடந்து, 1850ல டொரிங்டன் பதவி போய் ஊருக்குத் திரும்பினாரு.

நாய் வரியைக் கைவிட்டாங்க, துப்பாக்கி வரியும் போச்சு. ரோட்டு வேலையிலருந்து பிக்குகளுக்கு விலக்கு கிடைச்சுது. மத்தவங்களுக்கு அந்த 6 நாள் அப்படியேதான் இருந்துச்சு.