செய்த வேலையில் நம் பெயர் இருக்கட்டும்

பெர்சனல் பிராண்டிங், அதாவது நம் பெயரையும் நாம் செய்யும் வேலையையும் மற்றவர்களுக்குத் தெரியவைப்பது என்று சொன்னாலே நம் வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள். நிறைகுடம் தளும்பாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். "வேலையை ஒழுங்காச் செய், மேல இருக்கிறவங்க பார்ப்பாங்க" என்பார் அப்பா. முப்பத்தொரு வருடம் அப்படித்தான் வேலை செய்தார். யாரும் பார்க்கவில்லை.

1979-ல் மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்தார். 1972-ல் அங்கே தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கி, இன்டெல் போன்ற கம்பெனிகள் வந்து இறங்கியிருந்த காலம். அப்பாவுக்கு வயர் பாண்டிங் மெஷின்களைப் பராமரிக்கும் வேலை. தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் சிப்பை அதன் வெளிக்கால்களோடு இணைக்கிற மெஷின் அது. ஓடும் சத்தத்தை வைத்தே எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். புதிதாக வரும் இன்ஜினியர்கள் அவரிடம்தான் கற்றுக்கொண்டார்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிய பராமரிப்பு முறைகளின் கீழே இருந்தது வேறொருவர் கையெழுத்து. டெக்னீஷியனாகவே 2010-ல் ஓய்வு பெற்றார்.

நான் இன்ஜினியர் ஆனேன், ஆனால் பழக்கம் அப்பாவுடையதுதான். ஒரு முறை சிப்களைச் சோதிக்கும் எங்கள் டெஸ்ட் லைனில் நல்ல சிப்களே கெட்டவை என்று ஒதுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. மூன்று வாரம் தேடினேன். சோதிக்கும்போது சிப்பைப் பொருத்தும் சாக்கெட்டின் ஊசி முனைகளில் வெள்ளீயம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து மின் தொடர்பைக் கெடுத்திருந்தது. சுத்தம் செய்யும் இடைவெளியைக் குறைத்ததும் சரியானது. சொல்லவேண்டியவரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அந்த வருடம் பதவி உயர்வுக்கு நேர்காணல். எதிரே மூன்று பேர். அவர்களில் இருவருக்கு நான் யார் என்றே தெரியாது. "நீங்க எந்தப் பிரிவு?" என்றுதான் பேச்சே தொடங்கியது. வாய்ப்பு வேறொருவருக்குப் போனது. ரொம்ப நாள் அதை அநியாயம் என்றே நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. வாய்ப்புக் கிடைத்தவர் என்ன செய்தார் என்பது அந்த மூவர் கையில் தாளாக இருந்தது. என்னுடையது என் தலைக்குள் மட்டும் இருந்தது.

அதன் பிறகு ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். பெரிய வேலை எது முடிந்தாலும் ஒரு பக்கம் எழுதுவேன். என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தோம், என்ன மாற்றினோம், யார் யார் உதவினார்கள். இந்தக் கடைசி வரியை நான் ஒரு நாளும் விடுவதில்லை. இரவு ஷிப்டில் முதலில் கவனித்த ஆபரேட்டரின் பெயரும் அதில் இருக்கும். கீழே என் பெயரும் தேதியும். ஒரு வருடத்தில் மற்ற பிரிவுகளிலிருந்து ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள்.

பெயர் என்றதும் நம் ஆட்களுக்கே உரிய ஒரு சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஐசியில், அதாவது அடையாள அட்டையில், மகனுக்கு ஏ/எல், மகளுக்கு ஏ/பி போட்டு அப்பா பெயர் வரும். வெளிநாட்டு படிவம் கடைசிப் பெயர் கேட்கும், அப்பா பெயரைப் போடுவோம், அப்புறம் மீட்டிங்கில் எல்லோரும் நம்மை அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், மின்னஞ்சலில் இன்னொன்று, வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் முன்னெழுத்து மட்டும். நம்மைத் தேடுகிறவருக்கு மூன்று வெவ்வேறு ஆட்கள் கிடைப்பார்கள். ஐசியை விடுங்கள், அது இருக்கிறபடி இருக்கட்டும். வேலை சம்பந்தமான மற்ற எல்லா இடத்திலும் ஒரே வடிவத்தில், ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். இன்றைக்கே செய்யலாம், ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

லிங்க்ட்இன்னில் மாதம் ஒரு பதிவு போடுகிறேன், அது போதும். கஸ்டமர் பெயர், உற்பத்தி எண்ணிக்கை, தொழிற்சாலைக்குள் எடுத்த படம் எதுவும் வெளியே போகக்கூடாது. வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட ரகசிய ஒப்பந்தத்தை மறுபடி படித்துவிட்டு எழுதுங்கள். பொதுவாகச் சொல்லக்கூடிய பாடமே நிறைய இருக்கிறது. தினமும் காலையில் தன்னம்பிக்கை வாசகம் போடுவதால் ஒருவருக்கு என்ன வேலை தெரியும் என்று யாருக்கும் புரியாது. இரண்டு நாள் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டு அதை மட்டும் செய்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

"எனக்குப் பெரிய ஆள் யாரையும் தெரியாதே அக்கா" என்று பினாங்கின் பிறை நகரிலிருந்து ஒரு தங்கை கேட்டாள். பெரிய ஆள் தேவையில்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களைக் கேட்டபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்து வந்தவர்கள் ஆறில் ஒரு பங்குதான். பாதிக்கு மேற்பட்டவர்கள் எப்போதாவது பார்த்தவர்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி நமக்கும் தெரிந்திருக்கும், தூரத்துப் பழக்கம்தான் புதுச் செய்தி கொண்டுவரும் என்பது அவர் விளக்கம். எனக்கும் அப்படித்தான் நடந்தது. இப்போதைய வேலையைப் பற்றி முதலில் சொன்னவர், ஒரு பயிற்சியில் இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண். நான் எழுதிய ஏதோ ஒரு பக்கம் அவர் நினைவில் இருந்திருக்கிறது.

போன தீபாவளிக்கு அப்பாவை உட்காரவைத்து அவருடைய வேலையை எழுதினேன். முதலில் "இதெல்லாம் எதுக்கும்மா" என்றார். அப்புறம் சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பதினொரு பக்கம் வந்தது. யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். நாற்பத்து மூன்று பெயர் சொன்னார், சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று எல்லோரும் இருந்தார்கள். அந்தப் பதினொரு பக்கத்தின் கடைசியில் கையெழுத்துப் போடச் சொன்னேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக, முழுப் பெயரையும் எழுதினார்.